முகம் ஒன்று, முகவரி வேறு

நுழையும்முன்

ஒரே வகுப்பில் செல்வி என்னும் பெயருடையோர் இருவர் இருந்தால், ஆசிரியர் தலைப்பெழுத்தைச் சேர்த்தே அழைப்பார். அந்த ஓரெழுத்து விடுபட்டால் ஒருவர் பெற்ற மதிப்பெண் மற்றவர் கணக்கில் ஏறிவிடும். கருவிகளின் உலகிலும் இச்சிக்கல் உண்டு. ஒரே வடிவும் ஒரே பணியும் கொண்ட பல உணரிகளை ஒரு சிறு கணினியுடன் இணைக்கும்போது, எது யார் என்று கணினி எவ்வாறு அறிகிறது? உப்புக் காற்று வீசும் ஒரு கடற்கரையில் நின்று இவ்வினாவுக்கு விடை தேடுவோம்.

உப்பு விளையும் நிலம்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரிக்குச் செல்வோர் மரக்காணத்தைக் கடக்கும்போது, கண்ணாடித் தகடுகளை வரிசையாகப் பதித்தாற்போன்ற நீர்ப்பாத்திகளைக் காண்பர். அவற்றின் கரைகளில் வெண்குவியல்களாக உப்பு கிடக்கும். அருகிலேயே கழுவேலி என்னும் பரந்த உவர்நீர் நிலம் விரிந்துள்ளது. வானூர், மரக்காணம் வட்டங்களில் அமைந்த இந்நீர்நிலை 2021ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சிறுபாணாற்றுப்படையில் இடம்பெறும் எயிற்பட்டினம் என்னும் கடற்கரை நகரம் இன்றைய மரக்காணமே என்று ஆய்வாளர் கருதுவர். உப்பு விளையும் இடத்தை ‘அளம்’ என்றும், உப்பு வணிகரை ‘உமணர்’ என்றும் சங்க இலக்கியம் குறிப்பிடுகிறது. அளம் என்னும் அச்சொல் இன்றும் உப்பளம் என்பதில் உயிரோடு உள்ளது.

உப்பு விளைச்சல் என்பது வெயிலும் காற்றும் செய்யும் சமையல். உவர்நீரை முதலில் பெரிய பாத்தியில் தேக்குவர். பின்னர் அதை அடுத்தடுத்த பாத்திகளுக்கு மாற்றி மாற்றிச் சுண்டவைப்பர். நீரின் செறிவைப் ‘போமே’ என்னும் அளவால் குறிப்பர். கடல்நீரின் செறிவு ஏறத்தாழ 3 முதல் 3.5 போமே. அது 25 போமேயை நெருங்கும்போது சமையலுப்பு படிகமாகத் தொடங்கும். 30 போமேயை எட்டும் முன்னரே எஞ்சிய நீரை வெளியேற்றிவிட வேண்டும். தவறினால் மக்னீசிய உப்புகளும் உடன் படிந்து உப்பைக் கசக்கச் செய்யும். எனவே ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு பதம் உண்டு. அப்பதம் தப்பினால், அல்லது எதிர்பாராத கோடைமழை ஒன்று பெய்தால், பல நாள் உழைப்பு மீண்டும் நீராகக் கரைந்துவிடும்.

நீர் ஆவியாகும் விரைவை வெப்பநிலையும், காற்றின் ஈரப்பதமும், காற்றின் வேகமும் தீர்மானிக்கின்றன. செறிவு மிகுந்த உப்புநீர், நன்னீரைவிட மெதுவாகவே ஆவியாகும். ஆவியாதல் குறையும்போது நீர் குளிர்வதும் குறைகிறது. ஆகவே ஒரே வெயிலில் காயும் ஒரே ஆழமுள்ள இரு பாத்திகளில் செறிவு மிக்கது கூடுதலாகச் சூடேறும். அடுத்தடுத்துள்ள ஐந்து பாத்திகளின் வெப்பநிலையை இரவும் பகலும் பதிந்துவந்தால், அந்நீர் எவ்வாறு முதிர்கிறது என்பதற்கு ஒரு குறிப்புக் கிடைக்கும். இதற்கு ஒரே வகையான ஐந்து உணரிகளும், அவை சொல்வதைக் கேட்டு எழுதிவைக்கும் ஒரு கணினியும் வேண்டும்.

தெரியுமா?
நீர்மங்களின் செறிவை அளக்கும் போமே அளவுமுறையை 1768ஆம் ஆண்டு பிரெஞ்சு வேதியியலாளர் அந்துவான் போமே உருவாக்கினார். நீரில் மிதக்கும் ஒரு கண்ணாடிக் குழாய் எவ்வளவு ஆழம் அமிழ்கிறது என்பதே அவ்வளவின் அடிப்படை. செறிவு கூடக்கூடக் குழாய் மேலெழும்.

உள்ளங்கையில் ஒரு கணினி

ஒரே மின்சுற்றுப் பலகையில் செயலி, நினைவகம், இணைப்பு முனைகள் ஆகிய யாவும் அமைந்த கணினியை ஒற்றைப் பலகைக் கணினி என்பர். இவற்றுள் பரவலாக அறியப்பட்டது ராஸ்பெரி பை. மாணவர்கள் கணினியியலை எளிதில் கற்க வேண்டும் என்னும் நோக்குடன் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் உருவான இது, 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்தது. அதன் பரப்பு ஒரு வங்கி அட்டை அளவே.

இன்று வழக்கிலுள்ள பலகைகளின் ஓரத்தில் 40 உலோக முனைகள் இரு வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் மின்வழங்கலுக்கும் தரையிணைப்புக்கும் 12 முனைகள் போய்விடும்; இரண்டு முனைகள் தனிப்பணிக்கென ஒதுக்கப்பட்டவை. எஞ்சிய 26 முனைகளே தகவலைப் பெறவும் தரவும் பயன்படுவன. உணரி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி முனை கொடுப்பது எளிய வழிதான். ஆனால் உணரிகள் பெருகும்போது முனைகள் தீர்ந்துபோகும். பாத்தி தோறும் தனிக்கம்பி இழுத்தால் உப்பளத்தில் கம்பிகளே கால்களை இடறும். ஆதலால் பல உணரிகள் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொள்ளும் முறைகளைப் பொறியாளர்கள் வகுத்தனர். அத்தகைய கம்பியைப் பொதுப்பாட்டை எனலாம். ஒரு தெருவில் பல வீடுகள் இருப்பதைப் போல, ஒரு பாட்டையில் பல உணரிகள் இருக்கும்.

இருவர் ஒரே நேரத்தில் பேசினால்

1982ஆம் ஆண்டு பிலிப்ஸ் நிறுவனம் உருவாக்கிய ‘ஐ2சி’ என்னும் முறை இன்றும் பெருவழக்காக உள்ளது. இதில் இரண்டே கம்பிகள். ஒன்று தகவலைச் சுமக்கும்; மற்றொன்று தாளம் போடும். கணினி முதலில் ஓர் எண்ணை அனுப்பும். அந்த எண்ணைத் தன் முகவரியாகக் கொண்ட கருவி மட்டும் விடையளிக்கும். பிற அமைதி காக்கும். முகவரி 7 பிட் நீளமுடையது. எனவே 128 முகவரிகள் சாத்தியம். அவற்றுள் 16 ஒதுக்கீடு போக 112 முகவரிகள் எஞ்சும்.

தெரு நீளமானதுதான், ஆனால் வீட்டு எண்ணை வீட்டுக்காரர் தேர்ந்தெடுப்பதில்லை. தொழிற்சாலையிலேயே அது பொறிக்கப்பட்டுவிடுகிறது. எடுத்துக்காட்டாக, காற்றின் வெப்பநிலை, ஈரப்பதம், அழுத்தம் ஆகிய மூன்றையும் அளக்கும் ‘பி.எம்.ஈ.280’ என்னும் உணரி, பதினாறடிமான எண்முறையில் 76 அல்லது 77 என்னும் இரு முகவரிகளுள் ஒன்றையே ஏற்கும். இரண்டு பாத்திகளுக்கு அருகே இரண்டு உணரிகளை நட்டுவிடலாம். மூன்றாவது உணரியை இணைத்தால் ஒரே எண்ணில் இரு வீடுகள் அமைந்துவிடும்.

அப்போது என்ன நிகழும்? பாட்டைக் கம்பி, ஒரு மின்தடை வழியாக எப்போதும் உயர் மின்னழுத்தத்தில் நிறுத்தப்பட்டிருக்கும். அந்நிலை 1 என்பதைக் குறிக்கும். 0 என்று சொல்ல விரும்பும் கருவி கம்பியைத் தரையோடு இணைத்துக் கீழே இழுக்கும். ஒரு கருவி 1 என்று சொல்லிச் சும்மா இருக்க, மற்றொன்று 0 என்று கீழே இழுத்தால் கம்பி கீழேதான் செல்லும். அதாவது, இருவர் முரண்பட்டால் 0 வெல்லும்.

எளிமைக்காக முழு எண்களைக் கொள்வோம். ஒரு பாத்தியருகே வெப்பநிலை 35; மற்றொன்றின் அருகே 38. இருமஎண் முறையில் 35 என்பது 100011. 38 என்பது 100110. இரண்டு உணரிகளும் ஒரே நேரத்தில் விடையளித்தால், இலக்கத்திற்கு இலக்கம் 0 வென்று, கம்பியில் 100010 என்பதே எஞ்சும். அதன் மதிப்பு 34. இது முதல் உணரி சொன்னதும் அன்று. இரண்டாம் உணரி சொன்னதும் அன்று. இரண்டின் சராசரியும் அன்று. எவரும் சொல்லாத ஒரு செய்தி, உண்மையின் தோற்றத்தோடு பதிவேட்டில் ஏறிவிடுகிறது. கருவி பழுதுற்று 900 என்று காட்டினால் எவரும் ஐயுறுவர். 34 என்று காட்டினால் ஐயுறுவார் யார்? அளவியலில் அஞ்சத்தக்கது நம்பத்தகுந்தது போல் தோன்றும் பிழையே ஆகும்.

வாயிற்காவலரும் முறைவைத்தலும்

இச்சிக்கலைத் தீர்க்கும் வழிகளுள் ஒன்று, தெருவைப் பல சந்துகளாகப் பிரிப்பது. ‘டி.சி.ஏ.9548ஏ’ என்னும் வழிபிரிப்பி ஒரு பாட்டையை எட்டுக் கிளைகளாக்கும். கணினி முதலில் இந்த வாயிற்காவலரிடம், “மூன்றாம் கதவைத் திற” என்று ஆணையிடும். பின்னர் 76 என்னும் முகவரியை அழைக்கும். திறந்த கதவுக்குப் பின்னால் அம்முகவரியுடைய உணரி ஒன்றே இருப்பதால் குழப்பம் இல்லை. அடுத்து அக்கதவை மூடி வேறொன்றைத் திறக்கும். இவ்வழிபிரிப்பிக்கே எட்டு முகவரிகள் அமைக்கலாம். ஆகவே ஒரே பாட்டையில் எட்டுக் காவலர்களை நிறுத்தினால் 64 கிளைகள் கிடைக்கும்.

மற்றொரு வழி, உணரிகளைத் துயிலச் செய்து ஒவ்வொன்றாக எழுப்புவது. ஒளியால் தொலைவை அளக்கும் சில உணரிகள் விழித்தெழும்போது ஒரே முகவரியோடுதான் எழும். ஆயினும் எழுந்தபின் அவற்றுக்குப் புதிய முகவரி சூட்டலாம். கணினி முதல் உணரியை மட்டும் எழுப்பி, அதற்குப் பெயரிட்டு, பிறகே இரண்டாவதை எழுப்பும். மின்சாரம் நின்றால் இப்பெயர்கள் அழிந்துவிடும். ஒவ்வொரு தொடக்கத்திலும் பெயர்சூட்டு விழாவை மீண்டும் நடத்த வேண்டும்.

மீயொலியால் நீர்மட்டத்தை அளக்கும் எளிய உணரிகள் பலவற்றுக்கு முகவரியே இல்லை. ஒவ்வொன்றும் தனி முனைகளில் இணைக்கப்படும். அங்குக் குழப்பம் கம்பியில் நேர்வதில்லை; காற்றில் நேர்கிறது. அருகருகே உள்ள இரு உணரிகள் ஒரே நேரத்தில் ஒலி எழுப்பினால், ஒன்றின் எதிரொலியை மற்றொன்று தன்னுடையது எனக் கொள்ளும். எனவே ஒன்று ஒலித்து ஓய்ந்தபின் சிறிது இடைவெளி விட்டே மற்றொன்றை ஒலிக்கச் செய்வர்.

பிறப்பிலேயே பெயர் பெற்றவை

பாத்தி நீரின் வெப்பநிலையை அளக்க உகந்தது ‘டி.எஸ்.18பி20’ என்னும் உணரி. நீர்புகா உலோகக் குழாயில் அடைக்கப்பட்டு விரல் நீளத்தில் கிடைக்கும் இது, ஒருகம்பி முறையில் பேசுகிறது. இம்முறையின் சிறப்பு, ஒவ்வோர் உணரியும் பிறக்கும்போதே உலகில் வேறெதற்கும் இல்லாத 64 பிட் எண் ஒன்றைப் பெற்றுவருவதாகும். அதில் முதல் 8 பிட்டுகள் உணரியின் குலத்தைச் சொல்லும். அடுத்த 48 பிட்டுகள் அதன் தனியெண். இறுதி 8 பிட்டுகள் எண் பிழையின்றி வந்து சேர்ந்ததா எனச் சரிபார்ப்பவை. 48 பிட்டுகளால் ஏறத்தாழ 281 இலட்சம் கோடி எண்களை உருவாக்கலாம். ஆகவே ஐந்தோ பத்தோ உணரிகளை ஒரே கம்பியில் கோத்தாலும் பெயர்க்குழப்பம் நேராது.

ஆனால் எந்தெந்த எண்கள் தன் கம்பியில் உள்ளன என்பதைக் கணினி முதலில் எவ்வாறு அறியும்? இலட்சம் கோடிகளை ஒவ்வொன்றாக அழைத்துப் பார்க்க இயலாது. இங்கே, முன்பு தீங்கு செய்த அதே பண்பு துணைக்கு வருகிறது. கணினி, “உங்கள் எண்ணின் முதல் இலக்கத்தைச் சொல்லுங்கள், பின் அதற்கு எதிரான இலக்கத்தையும் சொல்லுங்கள்” என்று அனைத்து உணரிகளையும் கேட்கும். எல்லாருடைய இலக்கமும் 0 எனில் 0, 1 என வரும். எல்லாருடையதும் 1 எனில் 1, 0 என வரும். இரு வகையினரும் கலந்திருந்தால் 0 வெல்லும் விதிப்படி இருமுறையும் 0 வரும். உடனே கணினி ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, மறுபக்கத்தாரை அமைதிகாக்கச் சொல்லும். இவ்வாறு 64 இலக்கங்களையும் கடந்தால் ஓர் உணரியின் முழுப்பெயர் கிடைக்கும். பின்னர் பிரிந்த இடத்திற்குத் திரும்பி மறுகிளையில் நடக்கும். ஐந்து உணரிகள் இருந்தால் ஐந்து நடைகளில் ஐவர் பெயரும் தெரிந்துவிடும்.

இணைப்பும் எளிது. உணரிகளின் மின்கம்பிகள் அனைத்தையும் கணினியின் 3.3 வோல்ட் முனையிலும், தரைக்கம்பிகள் அனைத்தையும் தரைமுனையிலும், தகவல் கம்பிகள் அனைத்தையும் ஒரே தகவல் முனையிலும் சேர்க்க வேண்டும். தகவல் கம்பிக்கும் 3.3 வோல்ட் கம்பிக்கும் இடையே 4.7 கிலோ ஓம் மின்தடை ஒன்று போதும். உணரிக்கு ஒன்றாக இட வேண்டுவதில்லை. கம்பி நீளும்போது, பல திசைகளில் பிரியாமல் ஒரே கோடாகச் சென்று ஆங்காங்கே உணரிகளைத் தொட்டுச் செல்வது நலம். கிளைகள் மிகுந்தால் மின்குறிகள் முனைகளில் மோதித் திரும்பிச் செய்தியைக் கலைக்கும்.

தெரியுமா?
இவ்வுணரி ஓர் அளவீட்டைத் துல்லியமாகச் செய்து முடிக்க 750 மில்லி விநாடி வரை எடுத்துக்கொள்ளும். மின்சாரம் பெற்றபின் முதல் அளவீடு முடியும் முன் மதிப்பைக் கேட்டால், மின்சாரம் பெற்றபோது வைத்திருந்த 85 என்னும் எண்ணையே கூறிவிடும். ஆகவே பதிவேட்டில் திடீரெனத் தோன்றும் 85, பாத்தி கொதித்ததைக் குறிப்பதன்று. இணைப்பு ஒரு கணம் அறுந்ததையோ கணினி அவசரப்பட்டதையோ குறிக்கும்.

கடலுக்குள் ஒரு கயிறு

இம்முறை பள்ளிக்கூட மேசையோடு நின்றுவிடுவதன்று. மரக்காணத்தின் அலைகளுக்கு அப்பால், வங்காள விரிகுடாவின் ஆழ்கடற்பகுதியில் இதே தத்துவம் இயங்கிக்கொண்டிருக்கிறது. 1993ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் சென்னைப் பள்ளிக்கரணையில் இயங்குகிறது. அது வங்காள விரிகுடாவிலும் அரபிக்கடலிலும் ‘ஓம்னி’ என்னும் மிதவைகளை நங்கூரமிட்டு நிறுத்தியுள்ளது. மிதவையிலிருந்து கீழே செல்லும் கயிற்றில் 500 மீட்டர் ஆழம் வரை, வெவ்வேறு மட்டங்களில், வெப்பநிலையையும் உவர்ப்பையும் அளக்கும் ஒரே வகை உணரிகள் பொருத்தப்பட்டுள்ளன.

அவ்வுணரிகளுக்குத் தனித்தனிக் கம்பி இல்லை. மிதவையை நங்கூரத்தோடு பிணைக்கும் உறையிட்ட எஃகுக் கயிறே செய்திக் கம்பியாகவும் பயன்படுகிறது. சுற்றியுள்ள கடல்நீர் மின்சுற்றை முழுமையாக்குகிறது. கயிற்றைத் தொடாமலே மின்காந்தத் தூண்டல் வழியாக உணரிகள் அதில் பேசுகின்றன. மேலே உள்ள கட்டுப்பாட்டுக் கருவி ஒவ்வோர் உணரியையும் அதன் எண்ணைச் சொல்லி அழைக்க, அவ்வுணரி மட்டும் விடையளிக்கிறது. அவ்விடைகள் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்கு வருகின்றன. புயலுக்கு ஆற்றல் தருவது கடலின் மேலடுக்குகளில் தேங்கிய வெப்பம். 50 மீட்டர் ஆழத்து வெப்பத்தை 5 மீட்டர் ஆழத்தது எனப் பிறழ உணர்ந்தால், புயலின் வலிமையைக் கணிப்பதிலும் பிழை நேரும். முகவரியின் அருமை அங்கே உயிர்களின் அருமையோடு இணைகிறது.

ஒத்தவை எல்லாம் ஒன்றல்ல

பெயர்க்குழப்பம் தீர்ந்தபின்னும் இரண்டு கடமைகள் எஞ்சியுள்ளன.

முதலாவது, அளவைச் சமன்செய்தல். ஒரே அச்சில் வார்த்தவை போல் தோன்றினும் உணரிகள் முற்றிலும் ஒத்தவை அல்ல. இவ்வுணரி 0.5 பாகை கூடவோ குறையவோ காட்டலாம் என்று அதன் விவரக்குறிப்பே கூறுகிறது. எனவே ஒரே நீரில் இட்ட இரண்டு உணரிகள் தமக்குள் ஒரு பாகை வரை வேறுபடலாம். பாத்திகளுக்கிடையே நாம் தேடும் வேறுபாடும் அவ்வளவே எனில், உணரியின் குறையைப் பாத்தியின் குணமாகக் கொண்டுவிடுவோம். இதற்குத் தீர்வு எளியது. நொறுக்கிய பனிக்கட்டியும் நன்னீரும் கலந்த பாத்திரத்தில் எல்லா உணரிகளையும் ஒன்றாக அமிழ்த்திச் சிறிது நேரம் காத்திருக்க வேண்டும். எல்லாம் 0 பாகை காட்ட வேண்டும். எது எவ்வளவு விலகுகிறதோ அதை அதன் எண்ணுக்கு நேராக எழுதிவைத்துப் பின்வரும் அளவீடுகளில் கழித்துக்கொள்ளலாம். பாத்தியில் நிலவும் வெப்பத்தை ஒத்த வெந்நீரிலும் ஒருமுறை ஒப்பிடுவது மேலும் நன்று.

இரண்டாவது, பெயரை இடத்தோடு பிணைத்தல். முகவரி, உணரியைத்தான் அடையாளம் காட்டும், பாத்தியை அன்று. தூய்மை செய்யக் கழற்றிய இரு உணரிகளை இடம் மாற்றி நட்டுவிட்டால் கணினி அதை அறியாது. பழைய நம்பிக்கையோடே எழுதிச் செல்லும். ஆதலால் உணரியின் எண், அது நடப்பட்ட பாத்தி, நட்ட நாள் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதுவதும், கம்பியில் அடையாளச் சீட்டுக் கட்டுவதும் மனிதர் கடமை. அக்கடமையை எந்த மென்பொருளும் ஏற்றுக்கொள்ளாது.

இவற்றோடு உப்புக் காற்றின் சோதனையும் உண்டு. செம்புக் கம்பியின் இணைப்புகள் பச்சைக் களிம்பேறி மின்சாரத்தைத் தடுக்கும். துருப்பிடியா எஃகுக் குழாயிலும் குளோரைடு நாளடைவில் ஊசிமுனைத் துளைகளிடும். எனவே இணைப்புகளைப் பிசினிட்டு மூடுவதும், கணினியைக் காற்றுப் புகாப் பெட்டியில் வைப்பதும், உணரிகளை அவ்வப்போது நன்னீரில் கழுவுவதும் இன்றியமையாதவை.

பதம் அறிந்த கண்கள்

உணரிகள் வந்துவிட்டால் உப்பளத் தொழிலாளரின் அறிவு வேண்டப்படாததாகிவிடுமா? அவ்வாறன்று. முதிர்ந்த உப்புநீரில் வாழும் நுண்ணுயிர்களால் நீர் இளஞ்சிவப்பு நிறம் கொள்ளும். அந்நிறத்தையும் காற்றின் போக்கையும் கண்டு பதம் சொல்லும் கண்கள் பல ஆண்டு வெயிலில் பயின்றவை. உணரி அந்தக் கண்களுக்கு மாற்று அன்று. அவை உறங்கும் இரவிலும் விழித்திருக்கும் துணை. கருவி காட்டும் எண் தவறு என்பதை முதலில் கண்டுகொள்ளக்கூடியவரும், நாள்தோறும் அப்பாத்தியில் கால் நனைக்கும் அவரே.

எண் ஒன்று நம் கைக்கு வரும்போது அது யாருடையது, எங்கிருந்து வந்தது, எப்போது சொல்லப்பட்டது என்னும் மூன்று வினாக்களையும் எழுப்ப வேண்டும். விடை கிடைத்தால் அது தரவு. கிடைக்காவிடில் அது வதந்தி. ஒரே முகம் கொண்ட ஐந்து உணரிகளுக்கும் ஐந்து முகவரிகள் தருவது, ஒவ்வொன்றின் சொல்லுக்கும் அதனதன் பொறுப்பை அளிப்பதே ஆகும்.

கற்பவை கற்றபின்…

1. 41, 44 ஆகிய இரு எண்களை இருமஎண் முறையில் எழுதுக. ஒரே முகவரியுடைய இரு உணரிகள் இவற்றை ஒரே நேரத்தில் கூறினால் கணினி பெறும் எண் யாது எனக் கண்டறிக.

2. உங்கள் வகுப்பு மாணவர் ஐவருக்கு ஐந்து இலக்க இருமஎண்களை வழங்கி, ஒருகம்பி முறையில் கணினி பெயர்களைக் கண்டறியும் வழியை நடித்துக் காட்டுக.

3. உங்கள் ஊரில் ஒரே வகைக் கருவிகள் பல பயன்படும் இடம் ஒன்றைத் தேர்ந்து, அவை எவ்வாறு வேறுபடுத்தி அறியப்படுகின்றன என ஒரு பக்க அளவில் எழுதுக.

4. “கருவியின் துல்லியமும் மனிதரின் பட்டறிவும்” என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.